சட்டத்தின் முதல் வரியும் நீண்ட வாக்கியங்களும்

நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கூறு கூறாக வாக்கெடுப்புக்கு வரும்போது, முதல் கூறு கடைசியில்தான் எடுக்கப்படும். இரண்டாம் கூறில் தொடங்கி எல்லாவற்றையும் முடித்த பிறகே அவைத் தலைவர் முதல் கூறுக்குத் திரும்புவார். முதல் கூறும், இயற்று வாசகமும், தலைப்பும் மசோதாவின் பகுதியாக அமையலாமா என்பதுதான் அவர் அவையின் முன் வைக்கும் கேள்வி. ஆம் என்ற குரல் எழும். சில நொடிகளில் அது முடிந்துவிடும். இயற்று வாசகம் என்று அவர் சொல்வது ஒரே ஒரு வரி. இந்தியக் குடியரசின் இத்தனையாவது ஆண்டில் நாடாளுமன்றத்தால் பின்வருமாறு சட்டம் இயற்றப்படுவதாகுக என்ற வரி. நான் வழக்கறிஞராகத் தொழில் செய்பவள். சட்டப் புத்தகத்தைத் திறக்கும் எவரும், என் தொழிலில் உள்ளவர்கள் உட்பட, அந்த வரியைப் படிக்காமலே கடந்துவிடுவதைப் பார்த்து வருகிறேன். சட்ட மொழி வளவளவென்று இருக்கிறது, சாதாரண மனிதருக்குப் புரிவதில்லை என்ற குறை எல்லாரிடமும் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த நீண்ட வாசகங்களில் எது சுமை தாங்குகிறது, எது வெறும் சுமையாகக் கிடக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குறை சொல்வது தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த வாசகத்தின் மூலம் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே இன்றும் அநேகமாக ஒவ்வொரு சட்டமும், மாட்சிமை தங்கிய அரசர், இப்போது கூடியுள்ள இந்த நாடாளுமன்றத்தின் சமயப் பிரபுக்கள், ஏனைய பிரபுக்கள், பொது அவையினர் ஆகியோரின் ஆலோசனையோடும் இசைவோடும், அந்த நாடாளுமன்றத்தின் அதிகாரத்தாலும் பின்வருமாறு இயற்றுகிறார் என்றுதான் தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது முதல் பக்கத்தோடு நிற்கவில்லை. மேற்சொன்ன அதிகாரத்தால் மேலும் இயற்றப்படுவதாகுக என்ற தொடர் ஒவ்வொரு பிரிவின் தலையிலும் வந்தது. 1850-இல், சட்டச் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்ட புரூம் பிரபுவின் முயற்சியால், நாடாளுமன்றச் சட்டங்களில் பயன்படும் மொழியைச் சுருக்குவதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. இனி ஒவ்வொரு பிரிவும் முன்னுரைச் சொற்கள் ஏதுமின்றித் தானே சட்டமாக நிற்கும் என்று அது சொன்னது. ஆண்பாலில் சொன்னால் பெண்பாலும் அடங்கும், ஒருமையில் சொன்னால் பன்மையும் அடங்கும் என்ற பொது விதிகளையும் அதுவே வகுத்தது. இந்த ஆண்பால் விதி பின்னால் என்ன பாடுபட்டது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவுக்கு இயற்றிய சட்டங்களில் இந்த வாசகம் மிகச் சுருக்கமாக இருந்தது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், இந்தியாவுக்கு ஒரு பொதுவான தண்டனைத் தொகுப்பு வகுப்பது உகந்ததாக இருப்பதால் பின்வருமாறு இயற்றப்படுகிறது என்று சொல்லி நேராக விஷயத்துக்குப் போய்விடுகிறது. யார் இயற்றுகிறார்கள் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. எழுவாயே இல்லாத வாக்கியம் அது. யாருக்காக இயற்றப்பட்டதோ அந்த மக்களுக்குச் சட்டத்தை இயற்றுவதில் எந்தப் பங்கும் இல்லாதிருந்த காலத்தில், அதைச் சொல்ல வேண்டிய தேவை ஆள்வோருக்கு இருக்கவில்லை. 1950-க்குப் பிறகு வந்த சட்டங்களில் நாடாளுமன்றம் என்ற பெயரும் குடியரசின் ஆண்டும் முதல் வரியில் ஏறின. சட்ட மொழி நீண்டது என்று குறை சொல்லும் நண்பர்களிடம் இதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவேன். அடிமை நாட்டின் வாசகம் சிறியது. குடியரசின் வாசகம் அதைவிட நீளமானது. அந்த நீளத்துக்குள் ஒரு விடுதலை வரலாறு இருக்கிறது.

குடியரசின் ஆண்டைக் குறிப்பதால் ஒரு நடைமுறைச் சிக்கலும் வருகிறது. ஒரு மசோதா டிசம்பரில் அறிமுகமாகி, ஜனவரி 26-ஐத் தாண்டி மறு கூட்டத்தொடரில் நிறைவேறினால், எழுபத்து மூன்றாம் ஆண்டு என்றிருப்பதை எழுபத்து நான்காம் ஆண்டு என்று மாற்ற அமைச்சர் முறைப்படி ஒரு திருத்தம் முன்மொழிய வேண்டும். அவை அதற்கு வாக்களிக்க வேண்டும். மக்கள் மன்றம் எதற்கு வாக்களித்ததோ அதில் ஓர் எழுத்தைக்கூட அலுவலகத்தில் இருப்பவர் தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது என்ற கட்டுப்பாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நடைமுறை வேறில்லை என்றே எனக்குப் படுகிறது.

தமிழ்நாட்டுச் சட்டங்களிலும் இந்த ஒரு வரி வரலாற்றைப் பதிந்து வைத்திருக்கிறது. மேலவை இருந்த காலத்துச் சட்டங்களை எடுத்துப் பார்த்தால், தமிழ்நாடு மாநிலச் சட்டமன்றத்தால் இயற்றப்படுவதாக இருக்கும்; பேரவை, மேலவை இரண்டும் சேர்ந்ததே அங்கே சட்டமன்றம். 1986 நவம்பர் 1 முதல் மேலவை இல்லாமல் போனது. அதற்குப் பின் வந்த சட்டங்கள் சட்டமன்றப் பேரவையால் இயற்றப்படுவதாகவே தொடங்குகின்றன. மேலவை எப்போது ஒழிந்தது என்று ஒருவருக்கு நினைவில்லாவிட்டாலும், சட்டங்களின் முதல் வரிகளை வரிசையாகப் படித்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

அந்த வரிக்கும் மேலே, அரசிதழில் இன்னொரு வாசகம் வரும். சட்டமன்றப் பேரவையின் இந்தச் சட்டம் இன்ன நாளில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது, பொதுத் தகவலுக்காக வெளியிடப்படுகிறது என்ற வழக்கமான அறிவிப்பு. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசிதழில் வந்த பத்துச் சட்டங்களில் அந்த வழக்கம் மாறியது. ஆளுநரின் கிடப்பில் இருந்த மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 8-ஆம் நாள் தீர்ப்பளித்ததால், கையொப்பத்தின் இடத்தில் நீதிமன்ற ஆணை நின்றது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் எழுப்பிய கேள்விகளுக்கு விடையளித்த அரசியல் சாசன அமர்வு, அவ்வாறு ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறைக்கு அரசியல் சாசனத்தில் இடமில்லை என்று கருத்துரைத்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்பது தனியே பேச வேண்டிய பொருள். நான் சொல்ல வருவது, எவரும் படிக்காமல் தாண்டும் அந்த அறிவிப்பு வாசகத்தில்தான் ஆளுநருக்கும் பேரவைக்கும் இடையிலான அதிகாரப் போராட்டம் முழுவதும் வந்து நின்றது என்பதே.

அடுத்தது முகவுரை. ஏனெனில், ஆதலால், உகந்ததாக இருப்பதால் என்று அடுக்கிக்கொண்டே போகும் பகுதி. ஆள்வோர் தம் செயலுக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் நியாயம் இங்கேதான் பதிவாகும் என்பதால், இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் ஜமீன்தாரி முறையை நிலைநாட்டிய 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குவிதியின் முகவுரை, இந்நாட்டில் ஆதிகாலம் தொட்டு நிலவரி ஒருபோதும் நிலையாக வகுக்கப்படவில்லை என்பதும், ஆசிய அரசுகளின் வழக்கப்படி அது எந்தக் கொள்கையுமின்றி ஏறி இறங்கியது என்பதும் ஜமீன்தார்களும் மிராசுதாரர்களும் ரயத்துகளும் அறிந்ததே என்று தொடங்குகிறது. நிலம் அனைத்தின் மீதும் ஆள்வோருக்கே உடைமையுரிமை இருந்து வந்தது என்ற கூற்றும் தொடர்ந்து வருகிறது. உழுது பயிரிட்டவரின் காணியுரிமை பற்றிய ஒரு பெரிய வழக்கு, விசாரணையே இல்லாமல் முகவுரையின் ஒரு நீண்ட வாக்கியத்துக்குள் முடித்து வைக்கப்பட்டுவிட்டது. கீழே வரும் பிரிவுகளைப் போலவே இந்த வாக்கியமும் தலைமுறைகளின் வாழ்வைத் தீர்மானித்தது.

முகவுரை நமக்குச் சாதகமாக நின்றதும் உண்டு. 2017-இல் தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, மாநிலத்தின் பண்பாட்டு மரபைப் பேணுவதும் நாட்டு மாட்டினங்களின் பிழைப்பையும் நலத்தையும் உறுதிசெய்வதும் நோக்கம் என்பதைச் சட்டத்தின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தது. 2023 மே 18-ஆம் நாள் அந்தத் திருத்தத்தைச் செல்லும் என்று அறிவித்த உச்ச நீதிமன்றம், சல்லிக்கட்டு இந்த மாநிலப் பண்பாட்டின் பகுதி என்று சட்டம் இயற்றும் மன்றமே அறிவித்திருக்கும்போது, அந்தக் கருத்தில் தலையிடுவதற்கில்லை என்றது. முகப்பில் அலங்காரமாகத் தோன்றிய சொற்கள் வழக்கின் நடுவே வந்து நின்றன.

முதல் பிரிவில் வரும் இன்னொரு வாசகத்தைத்தான் மக்கள் மிகவும் அஞ்ச வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அரசு, அரசிதழில் அறிவிக்கை வாயிலாகக் குறிக்கும் நாளில் இச்சட்டம் நடைமுறைக்கு வரும் என்ற வாசகம் அது. படிப்பதற்குத் தீங்கற்றதாக இருக்கும். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22-இல். அந்த இடைவெளியில் புதுச் சட்டம் வந்துவிட்டதே என்று நாளிதழைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த வாடகைதாரர்களிடம், சட்டம் இருக்கிறது, ஆனால் இன்னும் பிறக்கவில்லை என்று விளக்குவது எளிதாக இருக்கவில்லை. இதாவது ஓரிரு ஆண்டுகளில் வந்துவிட்டது. நெருக்கடி நிலைக்குப் பிறகு நாடாளுமன்றம் நிறைவேற்றிய 44-ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தின் 3-ஆவது பிரிவு, தடுப்புக் காவலில் வைக்கப்படுபவருக்குக் கூடுதல் பாதுகாப்பு அளிப்பது. காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்தின் கருத்தின்றி ஒருவரைச் சிறையில் வைக்கக்கூடிய காலத்தை அது மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைத்தது. 1979 ஏப்ரலில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. அந்தப் பிரிவைத் தொடங்கி வைக்கும் அறிவிக்கை மட்டும் வரவே இல்லை. 1981 டிசம்பரில் ஏ.கே. ராய் வழக்கில் இது உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, நாள் குறிக்குமாறு அரசுக்குக் கட்டளையிட முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு செய்ததை, ஒன்றும் செய்யாமல் இருப்பதன் மூலமே ஓர் அரசால் நிறுத்தி வைக்க முடிகிறது. அதற்கு இடம் கொடுத்தது முதல் பிரிவின் அந்தச் சாதுவான வரி.

இப்போது புரூம் பிரபுவின் சுருக்கத்துக்கு வருகிறேன். ஆண்பாலில் பெண்பாலும் அடங்கும் என்று 1850-இல் எழுதியாயிற்று. 1867-இல் இங்கிலாந்தின் தேர்தல் சீர்திருத்தச் சட்டம், உரிய தகுதியுள்ள ஆண் ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை உண்டு என்றது. மான்செஸ்டரில் ஆயிரக்கணக்கான பெண்கள், பொது விதிப்படி அந்தச் சொல்லில் தாங்களும் அடக்கம் என்று கோரி வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கேட்டார்கள். 1868-இல் நீதிமன்றம் மறுத்தது. பெண்களுக்குச் சட்டப்படி இருந்துவரும் தகுதியின்மையை இவ்வளவு பொதுவான ஒரு விளக்க விதியால் நீக்கிவிட முடியாது என்பது அதன் முடிவு.

இதே கதை இந்தியாவில் என் தொழிலிலேயே நடந்தது. 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டமும் ஆண்பாலில் பெண்பால் அடங்கும் என்கிறது. 1879-ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் சட்டமோ தகுதியுள்ள நபர்கள் என்று பொதுவாகத்தான் பேசியது. சட்டப் பட்டம் பெற்ற ரெஜினா குஹா 1916-இல் பதிவு கோரியபோது, கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த நபர்களில் பெண்கள் இல்லை என்றது. சுதான்சுபாலா ஹஸ்ராவுக்குப் பட்னா உயர் நீதிமன்றம் அதே பதிலைச் சொன்னது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1921-இல் கர்னீலியா சொராப்ஜியை வக்கீலாகப் பதிவு செய்துகொண்டது. ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே சொல். உயர் நீதிமன்றத்துக்கு உயர் நீதிமன்றம் வேறு விடை.

இந்த முடிச்சை அவிழ்த்தது 1923-ஆம் ஆண்டின் 23-ஆம் சட்டம். அதன் முக்கியப் பிரிவை ஒரு முறையாவது நிதானமாகப் படிக்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் நடைமுறையில் உள்ள எந்தச் சட்டத்திலும், எந்த உயர் நீதிமன்றத்தின் அரசுரிமைப் பத்திரத்திலும் (அந்நீதிமன்றத்தை நிறுவிய அரச ஆவணம்), அவற்றின்படி பிறப்பிக்கப்பட்ட எந்த விதியிலும் ஆணையிலும் எது அடங்கியிருந்தபோதிலும், பெண் என்ற ஒரே காரணத்தால் எந்தப் பெண்ணும் சட்டத் தொழிலராகச் சேர்க்கப்படுவதற்கோ பதிவு செய்யப்படுவதற்கோ தொழில் செய்வதற்கோ தகுதியற்றவர் ஆகமாட்டார் என்பது அதன் சாரம். சுருக்க விரும்புகிறவர் இதைப் பெண்களும் வழக்கறிஞராகலாம் என்று இரண்டு மூன்று சொற்களில் எழுதிவிடலாம். அப்படி எழுதியிருந்தால் என்ன ஆகும்? உயர் நீதிமன்றத்தின் அரசுரிமைப் பத்திரம் தனி அதிகாரம் கொண்டது, அதை இந்தச் சட்டம் தொடவில்லை என்று ஒருவர் வாதிடுவார். பதிவு செய்யத்தான் சொல்லியிருக்கிறது, தொழில் செய்ய விடச் சொல்லவில்லை என்று இன்னொருவர் கிளம்புவார். எந்த எந்தக் கதவுகள் அதுவரை சாத்தப்பட்டனவோ அத்தனையையும் பெயர் சொல்லித் திறந்ததால்தான் அந்த வாக்கியம் நீண்டது. பல சொற்களில் எழுதிய இந்த ஒரு வாக்கியத்தின் மேல் நின்றுதான் பெண்கள் கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தோம். எது அடங்கியிருந்தபோதிலும் என்ற தொடரை நான் ஒருபோதும் சலிப்போடு படித்ததில்லை.

இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், பின்னாளில் இங்கிலாந்தில் நீதிபதியாக இருந்தபோது இதன் காரணத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நல்லெண்ணத்தோடு படிப்பவர் புரிந்துகொள்ளும் அளவுக்கு எழுதினால் போதாது. கெட்ட எண்ணத்தோடு படிப்பவர் திரித்துப் புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு எழுத வேண்டும் என்பது அவர் கருத்து. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பில் நின்று வாதாடிய எவரும் இதை மறுக்கமாட்டார்கள்.

ஆனால் ஸ்டீபன் சொன்னதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு எல்லாக் குப்பையையும் காப்பாற்றவும் கூடாது. துல்லியமாக இருக்கும் சட்டம் புரியாமல்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு இந்திய தண்டனைச் சட்டமே சாட்சி. திருட்டு என்றால் என்ன என்பதை அது ஒரே வாக்கியத்தில் சொல்கிறது. ஒருவர் வசத்திலுள்ள அசையும் பொருளை, அவர் இசைவின்றி, நேர்மையற்று எடுக்கும் எண்ணத்தோடு, எடுப்பதற்காக நகர்த்துபவர் திருடுகிறார். எண்ணம், பொருள், வசம், இசைவின்மை, நகர்வு என்று ஐந்தும் அதில் இருக்கின்றன. அதோடு விடாமல் எடுத்துக்காட்டுகளும் தருகிறது. புதையல் பெட்டியைச் சுமந்து வரும் மாட்டை ஒருவன் வழியில் காண்கிறான். புதையலை அபகரிக்க எண்ணி மாட்டை ஒரு திசையில் ஓட்டுகிறான். மாடு நகரத் தொடங்கிய அந்தக் கணமே திருட்டு முடிந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைக்கும் இது புரியும். அதே நேரத்தில் பெட்டியை நான் தொடவே இல்லையே என்று வாதிட நினைப்பவனுக்கும் வழி அடைபட்டுவிட்டது. மெக்காலேயின் ஆணையம் 1837-இல் அணியமாக்கிய வரைவிலிருந்து வந்த இந்த முறை, அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவிலும் அப்படியே தொடர்கிறது. காலனி ஆட்சியின் நோக்கங்களை ஏற்காமலே இந்த எழுத்து முறையை மெச்சலாம். பிற்காலச் சட்டங்களில் எடுத்துக்காட்டுகள் அருகிப்போனது பெரிய இழப்பு.

அவற்றின் இடத்தை வரம்புரைகள் பிடித்துக்கொண்டன. ஒரு விதியைச் சொல்லிவிட்டு, ஆயினும் என்று ஒரு விலக்கு. மேலும் ஆயினும் என்று அந்த விலக்குக்கு ஒரு விலக்கு. அதன் அடியில் ஐயம் நீக்கும் பொருட்டு என்று ஒரு விளக்கம். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் ஆண்டுதோறும் நிதிச் சட்டங்கள் இப்படி ஒட்டிக்கொண்டே வந்ததில், மூல விதி எங்கே என்று தேட வேண்டிய நிலை ஏற்பட்டது. கணக்குத் தணிக்கையாளர்களே ஒரு பிரிவைப் படித்து முடிப்பதற்குள் தாளில் கோடுகள் போட்டு வழி தேடுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே சொற்கள் எந்தக் கதவையும் திறக்கவில்லை. முடிவெடுக்கத் தவறியவற்றையும், பிற்பாடு நினைவுக்கு வந்தவற்றையும் அடுக்கி வைத்த பரண் அது. 2025 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்று, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியதாக்கப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்தின் மசோதாவை அறிமுகப்படுத்தியபோது, பழைய சட்டத்தில் 5.12 லட்சமாக இருந்த சொற்கள் சுமார் 2.6 லட்சமாகவும், 819 பிரிவுகள் 536 ஆகவும் குறைந்ததாகவும், 1,200 வரம்புரைகளும் 900 விளக்கங்களும் நீக்கப்பட்டதாகவும் அரசு கணக்குச் சொன்னது. இந்த முயற்சியை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஒரே சட்டத்தில் பாதிச் சொற்களை நீக்கியும் வரி விதிப்பு அப்படியே நிற்கிறது என்றால், நீக்கப்பட்ட சொற்கள் அதுவரை எதைத் தாங்கிக்கொண்டிருந்தன என்று கேட்கத்தான் வேண்டும்.

நீளத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, சட்ட மொழியில் மக்களை மிகவும் வதைப்பது உண்மையில் ஒரு சுருக்கம் என்பதையும் சொல்லியாக வேண்டும். திருத்தச் சட்டங்களை எடுத்துப் பாருங்கள். முதன்மைச் சட்டத்தின் நான்காம் பிரிவில், இரண்டாம் உட்பிரிவில், இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள் வைக்கப்படுதல் வேண்டும் என்று மட்டும் இருக்கும். எந்தப் பொருளைப் பற்றிய சட்டம், யாருக்கு என்ன மாறியது என்று அந்தத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எவராலும் சொல்ல முடியாது. பேரவையில் வாக்களிக்கும் உறுப்பினரின் மேசையிலும் இதே தாள்தான் இருக்கிறது. பழைய பிரிவு, மாறிய பிரிவு இரண்டையும் அருகருகே முழுமையாக அச்சிட்ட ஒரு பக்கத்தை ஒவ்வொரு திருத்த மசோதாவோடும் கட்டாயமாக இணைத்தால், கூடுதலாகச் செலவாவது சில தாள்களே. திருத்தம் நடைமுறைக்கு வரும் அன்றே, திருத்தப்பட்ட முழுச் சட்டத்தையும் தமிழில் அரசின் இணையதளத்தில் ஏற்றிவிட வேண்டும். சொற்களைக் கூட்டிச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். அடுத்த கூட்டத்தொடரில் யாராவது ஓர் உறுப்பினர் இதைக் கேட்டுப் பேசினால் நன்றாக இருக்கும். அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை, பேரவை விதிகளில் ஒரு வரி சேர்த்தாலே போதும்.